கடற்கரையில் கிடைக்கும் கற்கருவிகள்: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் நம் பள்ளிக் குடும்பங்கள் பலவும் கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக், சஃபோக் கடற்கரைகளுக்குச் செல்லவிருப்பதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். வார நாள் பள்ளியில் கற்காலத்தைப் பாடமாகப் படிக்கும் அவர்கள், மணலில் இறங்கியதும் கல் பொறுக்கத் தொடங்கிவிடுவார்கள். அதைத் தடுக்க வேண்டாம். ஆனால், மனிதக் கை பட்டதுபோல் தோன்றும் கல் எதுவானாலும், அதை எடுப்பதற்கு முன் அது கிடந்த இடத்தைக் குறித்துக்கொள்ள அவர்களைப் பழக்குங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2000ஆம் ஆண்டில், நார்ஃபோக்கின் ஹேஸ்பரோ கிராமத்துக் கடற்கரையில் நாயுடன் உலாவச் சென்ற உள்ளூர்வாசி ஒருவர், கடல் உள்வாங்கியிருந்த நேரத்தில் கருநிறச் சேற்றுப் படிவில் ஒரு தீக்கல், அதாவது சிக்கிமுக்கிக் கல், பதிந்திருப்பதைக் கண்டார். இருபுறமும் செதில் செதிலாகத் தட்டிக் கூராக்கப்பட்டு, விளிம்பு சற்றும் மழுங்காதிருந்த கைக்கோடாரி, அதாவது காம்பில்லாமல் கையில் பிடித்தே பயன்படுத்தும் கற்கருவி அது. அந்தப் படிவு, இங்கிலாந்தின் பெரும்பகுதியைப் பனிப்பாறைகள் மூடியபோது சேர்ந்த வண்டலுக்கும் கீழே இருப்பது. ஆகவே அதனுள் பதிந்திருந்த கருவி அந்தப் பனிக்காலத்துக்கும் முந்தையது என்று துணிய முடிந்தது. இன்று அதன் வயது சுமார் 5 லட்சம் ஆண்டுகள் என மதிக்கப்படுகிறது. அதே கோடாரி அலையில் உருண்டு கூழாங்கற்களோடு கரையொதுங்கியிருந்தால், அழகான கருவி என்பதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

அந்த ஒரு கல்லைத் தொடர்ந்துதான் ஆய்வாளர்களின் கவனம் அக்கரையின் மீது திரும்பியது. அருகிலேயே 8 லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட தீக்கல் கருவிகளை அகழ்ந்தெடுத்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 2013 மே மாதம் அலைகள் மணலை அரித்துச் சென்றபோது, அதே கரையில் பெரியவர்களும் சிறுவர்களுமாக நடந்து சென்ற காலடித் தடங்கள் வெளிப்பட்டன. இரண்டு வாரங்களுக்குள் கடல் அவற்றை அழித்துவிட்டது. அதற்குள் படமெடுத்து அளந்துவைத்ததால் நமக்கு அவை எஞ்சின.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. சஃபோக்கின் ஹாக்ஸன் ஊரில் செங்கல்லுக்காக மண் வெட்டிய இடத்தில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றித் தொல்பொருள் ஆர்வலர் ஜான் ஃப்ரியர் 1797இல் எழுதிய கடிதம், தொல்லியல் வரலாற்றில் புகழ்பெற்றது. அவற்றின் மதிப்பை அறியுமுன், கூடை கூடையாக அள்ளிப் பக்கத்துச் சாலைப் பள்ளங்களில் கொட்டிவிட்டதாக அங்கிருந்த மேலாளர் அவரிடம் சொல்லியிருக்கிறார். படிக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

உடைந்த கல் எல்லாம் கருவியாகிவிடாது. மனிதர் தட்டிப் பெயர்த்த செதிலில், அடி விழுந்த இடத்தையொட்டிச் சிறு புடைப்பும், அதிலிருந்து அலையலையாக விரியும் வரிகளும் பெரும்பாலும் தெரியும். விரலால் தடவினாலே உணரலாம். சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்டெடுத்த கருவி தீக்கல் அன்று, குவார்ட்சைட் என்னும் வேறுவகைக் கடினக் கல். ஆனாலும் அங்கும் தட்டிச் செதுக்கும் கைவினைதான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மகிழ்வார்கள்.

ஐயத்துக்கிடமான கல்லைக் கண்டால், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துக் கிடந்த நிலையிலேயே படமெடுத்து, கைப்பேசியில் இடத்தைப் பதிந்துகொள்ளுங்கள். படிவில் புதைந்திருப்பதைத் தோண்டவோ சுரண்டிக் கழுவவோ வேண்டாம். அக்கரைகளில் மண்மேடுகள் முன்னறிவிப்பின்றிச் சரிபவை. அவற்றின் அடியில் பிள்ளைகளை நிற்கவிடாதீர்கள். கடல் ஏறும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட்டுச் செல்லுங்கள். வயலில் கிடைக்கும் பொருள் பொதுவாக நிலத்துக்குரியவருக்கே சொந்தம் என்பதால், அவரைக் கேட்காமல் எடுக்கலாகாது.

தனியாகக் கிடைக்கும் தீக்கல் கருவியை அறிவித்தே தீர வேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனினும், பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதிவதற்கென்றே வட்டாரந்தோறும் அலுவலர்கள் உள்ளனர். உள்ளூர் அருங்காட்சியகத்தில் கேட்டால் தொடர்பு கிடைக்கும். கல்லின் படத்தையும் இடக்குறிப்பையும் வகுப்பாசிரியருக்கு அனுப்பிவைத்தால், உரிய அலுவலரிடம் சேர்ப்பதற்கு நானே உதவுகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்