அசலைக் கழிக்கும் முன் ஒப்பிட்டுப் பாருங்கள்

பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏடுகள் ஸ்கேன் செய்யப்பட்ட சில மாதங்களிலேயே அவற்றின் அசல்கள் இனித் தேவையில்லை என்று கழித்து வெளியேற்றப்பட்டதையும், அண்மையில் ஸ்கேன் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த சர்வர் கணினி பழுதானபோது பல கோப்புகள் மீளாமற்போனதையும் தாங்கள் அறிவீர்கள். எனவே நடந்ததை மறுபடி விவரிக்காமல், அதனால் எங்கள் வீட்டில் நேர்ந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் தாயாரின் பிறப்புப் பதிவுக்கு நகல் கேட்டு நான்கு முறை அலைந்த பிறகு ஒரு தாள் கைக்கு வந்தது. அதில் பிறந்த ஆண்டு 1943 என்றும் படிக்கலாம், 1948 என்றும் படிக்கலாம். என் பாட்டனார் கையொப்பமிட்டிருந்த இடத்தில் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. ஓரத்தில் வெளிறிய நீல மையில் எழுதியிருந்த பெயர்த் திருத்தம் அடியோடு காணவில்லை. அந்த ஏட்டை முன்பு ஒருமுறை நேரில் பார்த்தவள் நான். அப்போது அந்தத் திருத்தம் தெளிவாகவே இருந்தது. அசலைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, அது கழிக்கப்பட்டுவிட்டது, வேறு சான்று கொண்டு வாருங்கள் என்றார்கள். தாம் பிறந்ததைக் கண்ட ஒருவரும் உயிரோடு இல்லாத வயதில், என் தாயார் தம் வயதுக்குச் சான்று தேடிக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று மட்டும் பிரிக்கும் முறையில் ஸ்கேன் செய்தால், மங்கிய மை வெள்ளையாகிவிடும் என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் அறிந்ததே. அந்தப் பக்கங்களை வண்ணத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் எடுத்திருந்தால் அந்தத் திருத்தம் இன்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எழுத்து தெளிவாகத் தெரிவதாலேயே நகல் சரியென்றும் ஆகிவிடாது. சில ஸ்கேனர்கள் கோப்பின் அளவைச் சுருக்கும்போது 6 என்ற இலக்கத்தை 8 ஆக மாற்றிவிடுவதை டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர் 2013-இல் வெளிப்படுத்தினார். மாறிய இலக்கம் மங்கலாகக்கூட இல்லை. அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு மட்டுமே தவறு தெரிந்தது. ஆகவேதான் கேட்கிறேன்: ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் அசலோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடும் வரை எந்த ஏட்டையும் கழிக்காதீர்கள்.

காப்பு நகல் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அது சர்வர் இருந்த அதே அறையில் இருந்தது என்பதும், அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டெடுத்து எவரும் சோதித்ததில்லை என்பதும் பழுதுக்குப் பிறகே தெரியவந்தன. மூன்று நகல்கள், இருவகைச் சேமிப்புச் சாதனங்கள், ஒரு நகலாவது வேறொரு கட்டடத்தில் என்பது கணினித் துறையில் புதிதாக நுழைபவருக்கும் சொல்லித்தரப்படும் பாடம். மக்களின் பிறப்பையும் உரிமையையும் தாங்கி நிற்கும் ஏடுகளுக்கு அந்த அளவு அக்கறைகூட மறுக்கப்பட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரை அடுத்திருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்து, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களின் கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு நகலும் இல்லை, பக்கங்களைச் சிறிதாக்கிப் படச்சுருளில் பதிந்துவைக்கும் மைக்ரோஃபிலிமும் இல்லை. ஆனாலும் தீயணைப்பு நீரில் ஊறி, ஓரம் கருகிய தாள்களைக்கூட அவர்கள் தூக்கி எறியாமல் உலர்த்தி மீட்டார்கள். இங்கோ தீயும் வெள்ளமும் தீண்டாத ஏடுகளை நாமே கட்டுக்கட்டாக வெளியேற்றினோம். அதைச் சிக்கனம் என்று அறிக்கையில் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

கடுமையாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஸ்கேன் செய்யப்படாத ஏடுகளையும், செய்தபின் கழிக்கக் காத்திருக்கும் ஏடுகளையும் ஒப்பிட்டு முடிக்கும் வரை தொடாதிருக்குமாறும், காப்பு நகலிலிருந்து கோப்புகளை மீட்டெடுக்கும் சோதனையைக் குறித்த கால இடைவெளியில் நடத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் தாயாரின் பதிவு அடங்கிய ஏடு எந்த நாளில், எவருடைய ஒப்புதலோடு கழிக்கப்பட்டது என்பதையும், அதற்கு முன் அது அசலோடு ஒப்பிடப்பட்டதா என்பதையும் அருள்கூர்ந்து எழுத்து வடிவில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்களில் ஒருத்தி