காசு வேறு, கேஷ் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘நம் காசுதான் ஆங்கிலேயர் வாயில் கேஷ் ஆயிற்று’ என்று சென்ற இதழின் சொல்லாய்வுப் பகுதியில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு தனிச் சொற்கள் இருப்பது தாங்கள் அறியாததல்ல. அதனால்தான் மனம் வலிக்கிறது.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், லத்தீனில் பெட்டியைக் குறித்த ‘காப்ஸா’வின் வழி வந்தது. இத்தாலியத்தில் பகர ஒலி மறைந்து ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டியையும் அது குறித்தது. பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. ‘கல்லா கட்டியது’ என்று நாம் வசூலைச் சொல்வதில்லையா, அதுபோல. கேஷியர் என்பவரும் பெட்டியைக் காத்தவர்தான்.

காசிலிருந்து பிறந்த கேஷ் வேறு. போர்த்துக்கீசியர் காசை ‘கைஷா’ என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர் என்பதால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. ஆங்கிலேயர் அதைச் சிறு நாணயத்துக்குப் பெயராகக் கொண்டனர். சென்னை மாகாணக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்; 1818இல் ரூபாய் அந்த இடத்தைப் பிடித்தது. சதுரத் துளையிட்ட சீன நாணயங்களை நாணயவியலார் இன்றும் கேஷ் என்கிறார்களே, அதுதான் நம் காசு!

முன்பு ‘ஒன்று’தான் ‘ஒன்’ என்றும் எழுதினீர்கள். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. ஜெர்மனில் ‘ஐன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’. இன்று ‘வன்’ என முன்னால் ஒலிக்கும் வகரம் பிற்காலத்தில் ஒட்டியது. ‘ஒன்லி’, ‘அலோன்’ இரண்டிலும் அது இல்லை. காகம் கரைகிறது என்பதில் வரும் ‘கரை’தான் ஆங்கில ‘க்ரை’ என்றீர்கள். அது பிரெஞ்சு ‘க்ரியே’. இரண்டுக்கும் மறுப்பு எழுதினேன், வெளியிடவில்லை.

ஒலி ஒத்தால் மட்டும் உறவாகிவிடாது. முதல் பதிவு எப்போது, அப்போது என்ன பொருள், உறவுமொழிகளில் என்ன வடிவம், எந்த வழியாக வந்தது என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். இஞ்சி இந்தச் சோதனையில் தேறுகிறது: இஞ்சிவேர், பாலியில் ‘சிங்கிவேர’, கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’, பிறகு லத்தீன், பிரெஞ்சு, ஆங்கில ‘ஜிஞ்சர்’. வடமொழியில் ‘கொம்பு’ என்று பொருள்படும்படி ‘ச்ருங்கவேர’ எனத் திருத்திக்கொண்ட தடம்கூடத் தெரிகிறது. இப்படி உறுதியாக நிற்கும் சொல்லின் பக்கத்தில் ‘ஒன்’னை வைத்தால் இதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இனி ஒவ்வொரு சொல்லோடும் ஆங்கிலத்தில் முதலில் பதிவான காலத்தையும், இடையில் நின்ற மொழிகளையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிடுங்கள். கேஷுக்கு ஒரு திருத்தமும் வேண்டும்.

தங்கள் நெடுநாள் வாசகர்