புதைவிளக்குக் கூரையில் பஞ்சைத் திணிக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

சாய்வுக் கூரையில் வெப்பக் காப்பு போதவில்லை என்றதும் பலர் புதைவிளக்கின் (கூரைக்குள் பதித்த விளக்கு) துளை வழியே கண்ணாடிப் பஞ்சைத் திணிக்கிறார்கள். இது ஆபத்து. ‘ஐசி’ (IC, காப்புப் பஞ்சு ஒட்டினாலும் பாதுகாப்பானது என்ற) முத்திரை இல்லாத புதைவிளக்கைச் சுற்றி 75 மி.மீ. இடைவெளி வேண்டும், பஞ்சு ஒட்டினால் சூடு வெளியேற வழியில்லை. விளக்கு அணைந்து அணைந்து எரிகிறதா? பெரும்பாலும் சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும், உள்ளிருக்கும் வெப்பத் துண்டிப்பான் வேலை செய்கிறது. பல்பை மாற்றிப் பயனில்லை.

விளக்கின் விளிம்பு இடுக்கையும் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் அறையின் ஈரக்காற்று அதன் வழியே ஏறி, குளிர்ந்த கூரைப் பலகையில் துளித்துளியாகப் படியும். பலகை கருத்து உளுத்துப்போகும். மெயினை அணைத்துவிட்டுப் குடுவை போன்ற உறையுள்ள பழைய புதைவிளக்குகளைக் கழற்றுங்கள். ஐசி முத்திரையும் காற்றுப்புகா ரப்பர் வளையமும் உள்ள தட்டை எல்இடி விளக்கே ஏற்றது. அது மெலிதானது, அதன் மேலேயே பஞ்சு போடலாம்.

பஞ்சைக் கைமரங்களுக்கு இடையே நசுக்காமல் வையுங்கள். நசுங்கினால் காப்பு குறையும். காற்றோட்டக் கூரையானால் பலகைக்குக் கீழே இறவாரம் முதல் முகடு வரை 25 முதல் 50 மி.மீ. வழி தடையின்றி இருக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் கைமரத்தின் அடியில் 50 மி.மீ. பிஐஆர் (PIR, கெட்டியான காப்பு நுரை) பலகை பொருத்தி, இணைப்புகளை அலுமினிய டேப்பால் ஒட்டி, ஜிப்சம் பலகையால் மூடலாம். மரத்தின் வழியே கடக்கும் வெப்பமும் இதில் குறையும்.

– ஒரு வாசகர்