செனான் செய்தியின் மறுபாதி

ஆசிரியருக்கு வணக்கம்.

பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையின் மூளையை செனான் என்ற மயக்க வாயு காக்கும் என்று உங்கள் செய்தியில் படிக்கும் பெற்றோரின் மனம் என்ன பாடுபடும்! ஆக்சிஜன் குறைந்தால் மூளையில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவு மீறிச் சேர்ந்து செல்களைக் கொல்கிறது. செனான் அதன் வேலையைத் தடுக்கிறது. சரி. ஆனால் பிரிட்டனில் 92 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையாக உடலைக் குளிர்விப்பதோடு செனானும் சேர்த்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. பிறந்து பல மணி நேரம் கழித்தே வாயு கொடுத்தார்கள். எனக்கு உறுத்துவது அந்தத் தாமதம்தான். பின்லாந்தில் இதயம் நின்று மீண்ட 110 பேரிடம், 2016-ல் வெளியான ஆய்வில், செனான் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு மூளையின் வெண்பகுதியில், அதாவது நரம்பு இழைகள் நிறைந்த பகுதியில், சேதம் குறைந்தது. உயிரிழப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. தயவுசெய்து இதையும் சேர்த்தே எழுதுங்கள்.

– ஒரு வாசகர்