பிடி அரிசி போல ஒரு பிடி நேரம்

ஷெஃபீல்ட், இங்கிலாந்து,
ஜனவரி 2026

கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமான அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் இங்கு சுகமாக இருக்கிறேன். நீங்களும் என் பாப்பாவும் அத்தானும் தம்பியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டது. போனில் ஒருநாளும் கேட்காத கேள்வியை அதில் கேட்டிருந்தீர்கள்: "ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறாயே, ஆண்டவருக்கென்று நேரம் கொடுக்கிறாயா?" அதற்குப் போனில் அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நினைத்தே இத்தனை நாள் தள்ளிப்போய்விட்டது.

மேலத்தெருப் பெரியம்மா நினைப்பதுபோல இது ஆஸ்பத்திரி வேலை அல்ல. தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு நாங்களே போகிறோம். குளிப்பாட்டி உடைமாற்றும் வீட்டுக்கு அரைமணி நேரம் தருவார்கள். மாத்திரை மட்டும் கொடுக்கும் வீடு என்றால் 15 நிமிடம். உள்ளே நுழைந்ததும் கைபேசியில் பதிய வேண்டும், வெளியே வரும்போதும் பதிய வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் மாத்திரையைக் கொடுத்து, தேநீர் போட்டு, குறிப்பும் எழுதிவிட்டால், வேலை முடிந்துவிட்டதாகவே கணக்கு. ஆனால் விடிந்தது முதல் ஒரு மனித முகத்தையும் பாராமல் நாற்காலியில் காத்திருந்தவருக்கு அது போதுமா?

மலைச்சரிவில் இருக்கும் ஒரு வீட்டில் தொண்ணூறு வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். ரொட்டியை வாட்டி, மூலைக்கு மூலை வெட்டி, முக்கோணமாகத் தட்டில் வைத்தால்தான் சாப்பிடுவார். எங்களில் பலர் அதை வீண்பிடிவாதம் என்கிறார்கள். ஒருநாள் நான் மேலங்கியைக் கழற்றிவிட்டு, அவர் முகத்துக்கு நேராகத் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, இரவு தூங்கினீர்களா என்று கேட்டேன். அவர் கணவர் ஐம்பது வருடங்களுக்கு மேலாக ரொட்டியை அப்படித்தான் வெட்டிக்கொடுத்தாராம். அதைச் சொல்லிவிட்டு என் குளிர்ந்த விரல்களைத் தம் இரு கைகளுக்குள்ளும் வைத்துச் சூடேற்றினார். அம்மா, அன்றைக்கு அந்த வீட்டில் பணிவிடை செய்தது யார் என்று எனக்கே தெரியவில்லை.

இதில் ஒரு நெருக்கடியும் உண்டு. ஒரு வீட்டில் கூடுதலாக உட்கார்ந்தால் அடுத்த வீட்டில் இன்னொரு முதியவர் ஈரத் துணியோடு காத்திருப்பார். மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு, சாகும் தறுவாயில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க அதன் தகப்பன் யவீருவோடு விரைந்து போகிறார். வழியில் பன்னிரண்டு வருடம் பெரும்பாடு என்னும் இரத்தப்போக்கினால் அவதிப்பட்ட பெண் அவர் வஸ்திரத்தைத் தொட, நின்று, அவள் சொல்வதை முழுவதும் கேட்கிறார். நம் சபைப் போதகர் ஐயர் இதைப் பிரசங்கிக்கும்போதெல்லாம் நான் அந்தப் பெண்ணையே நினைத்திருந்தேன். இங்கு வந்த பிறகுதான் பக்கத்தில் தவித்துக்கொண்டு நின்ற யவீருவையும் நினைக்கிறேன். அந்த இருவருக்கும் இயேசுவிடம் நேரம் இருந்தது. எனக்கு அந்த வல்லமை இல்லை.

அதனால் நீங்கள் செய்வதையே நானும் செய்கிறேன். உலையில் போடுவதற்கு முன்பே ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக் கலயத்தில் எடுத்துவைப்பீர்களே. மிஞ்சினால் பார்க்கலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்பா படுத்த படுக்கையாக இருந்த வருடத்திலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. அதை நம் பானையிலிருந்துதான் எடுத்தீர்கள், பக்கத்து வீட்டுப் பானையிலிருந்து அல்ல. நானும் அடுத்தவருக்குரிய நிமிடங்களைத் தொடாமல், என் சொந்த நேரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். காலையில் சீக்கிரம் புறப்பட்டு, வெளிப்பதிவு செய்த பிறகும் சிறிது நேரம் இருந்து, ஒரு சங்கீதமோ பழைய கதையோ, அவர்கள் விரும்புவதைக் கேட்டுவிட்டு வருகிறேன். பேருந்துக்குக் காத்திருக்காமல் பல வீடுகளுக்கு நடந்தே போகிறேன். நடை உடம்புக்கு நல்லதுதானே, அம்மா. உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். ஞாயிறு ஆராதனைக்குப் போக முடிகிற வாரங்களில் தவறாமல் போகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியும் எழுத வேண்டும். எஃகு ஆலையில் உழைத்து ஓய்வுபெற்றவர். நம் வீட்டு எவர்சில்வர் தம்ளருக்குரிய எஃகை ஹாரி பிரியர்லி 1913-இல் இந்த ஊரில்தான் உருவாக்கினார் என்பதை மட்டும் என்னிடம் பெருமையாகச் சொன்னார். மற்றபடி காலை வணக்கத்துக்குக்கூடப் பதில் வராது. ஆனால் குப்பை எடுக்கும் நாளுக்கு முந்திய இரவு, தெருவிலுள்ள எல்லார் வீட்டுக் குப்பைத் தொட்டிகளையும் அவரே உருட்டிக்கொண்டுபோய் ஓரமாக வைக்கிறார். பனி உறைந்த காலையில் நான் கதவைத் திறந்தால் எங்கள் வாசற்படியில் உப்புத் தூவியிருக்கும். ஆலயத்துக்குப் போகாதவர். இருந்தும், நம்மில் பலர் நேரமில்லை என்று விட்டுவிடுவதை அவர் செய்கிறார். அது என்னை மிகவும் சிந்திக்க வைக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்தேன். தட்டைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார்.

குளிருக்குப் பழகிவிட்டேன். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். என்னோடு தங்கியிருக்கும் கேரளப் பெண்கள் நல்லவர்கள். தனிமை ஒன்றும் தெரியவில்லை. கருவாடு பொரித்தால் புகைமணி அலறுவதால் குழம்பு மட்டும் வைக்கிறோம். நீங்கள் அனுப்பிய உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு துண்டைத் தட்டிக் காப்பி போட்டேன். அந்த வாசனை எழுந்ததும் நம் அடுப்படியும், விடியற்காலத்து ஆலயமணியும், ஆலயத்து விருந்தான அசனப் பந்தியில் என் மடியில் உட்கார்ந்து சோறு தின்ற பாப்பாவின் எண்ணெய்த் தலையும் கண்முன் வந்துவிட்டன. காப்பியைக் குடிக்க முடியவில்லை, அம்மா. அவளுக்குத் தலைவாரும்போது வகிடு நேராக எடுங்கள். கோணலாக இருந்தால் பள்ளிக்கூடத்தில் அழுவாள்.

அவளை எப்போது அழைத்துக்கொள்வாய் என்று சித்தி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். 2024 மார்ச் 11 முதல் இந்த வேலைக்கு விசா கேட்டவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. நான் வந்தது அதற்குப் பிறகு. சித்தியிடம் பொறுமையாக விளக்குங்கள், அத்தானிடம் மறுபடி இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேலத்தெருப் பெரியம்மாவிடம் போய்ச் சிறிது நேரம் வேதம் வாசிக்கட்டும். பெரியம்மாவுக்குக் கண் தெரியவில்லை, இவளுக்கும் வாசிப்புத் திருந்தும்.

இம்மாதப் பணம் சற்றுப் பிந்தி வரும், கவலைப்பட ஒன்றுமில்லை. தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை முதலில் கட்டுங்கள். ஓடு மாற்றும் வேலை பங்குனிக்குப் பிறகு ஆகட்டும். முழங்கால் வலிக்கு எண்ணெய் மட்டும் தடவிக்கொண்டிராமல் டாக்டரைப் பாருங்கள். கிணற்றடி நிலத்தின் பட்டா மாற்றத்துக்குச் சித்தப்பா மூலப்பத்திரத்தைக் கேட்டால் நகல் எடுத்துக் கொடுங்கள். மூலப்பத்திரம் பீரோவில் ஞானஸ்நானச் சான்றிதழ்களோடு இருக்கட்டும். சாவியைத் தம்பியிடம் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்