டயர் இரைச்சல் சோதனைக்கும் ஒப்பீட்டு டயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டயர் வாங்கக் கடைக்குப் போகிறவர் அளவைச் சொல்கிறார், கம்பெனியைக் கேட்கிறார், விலை பேசுகிறார். அந்த டயர் எவ்வளவு எரிபொருளைத் தின்னும், மழையில் எப்படிப் பிடிக்கும், எவ்வளவு இரைச்சல் போடும் என்று கேட்டால் கடைக்காரரிடம் பதில் இருக்காது. அது அவர் தவறல்ல. அந்த எண்கள் சோதனைக்கூடத்தில் எடுக்கப்படுகின்றன, சான்றிதழுக்குப் போகின்றன, அங்கேயே நின்றுவிடுகின்றன.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூன் 28 அன்று மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. கார், இலகுரக வணிக வாகனம், லாரி, பஸ் டயர்களுக்கு உருளும் எதிர்ப்பு (உருளும்போது டயரே வண்டியைப் பின்னிழுக்கும் விசை), ஈரச்சாலைப் பிடிமானம், உருளும் இரைச்சல் ஆகிய மூன்றிலும் வரம்பு வந்தது. புதிய வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், ஏற்கெனவே சந்தையில் இருந்தவற்றுக்கு 2023 முதலும் அது கட்டாயம். சோதனை முறை ஏஐஎஸ்-142 என்ற இந்திய வாகனத் தொழில் தரநிலையில் இருக்கிறது, ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 117-ஆம் ஒழுங்குமுறையை ஒட்டி எழுதப்பட்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் இது தேர்ச்சியா தோல்வியா என்பதை மட்டுமே பார்க்கிறது. மயிரிழையில் வரம்புக்குள் வந்து தேறிய டயரும், மிகச் சிறந்த டயரும் கடை அலமாரியில் ஒன்றுபோலவே நிற்கின்றன. எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறியீடு டயருக்கு விருப்பத் திட்டமாக வந்திருக்கிறது. அது உருளும் எதிர்ப்பை அடிப்படையாகக் கொண்டது. இரைச்சலுக்கு நட்சத்திரம் இல்லை.

இந்த வித்தியாசம் பணத்தில் எவ்வளவு என்று பார்க்கலாம். லாரி டயருக்கு உருளும் எதிர்ப்பின் உச்ச வரம்பு 6.5. அதாவது ஒரு டன் எடையை உருட்ட 6.5 கிலோ இழுவிசை. மொத்தம் 40 டன் எடையுள்ள டிரெய்லருக்கு இது 260 கிலோ. அதே வண்டியில் 5.0 உள்ள டயர்களைப் பூட்டினால் 200 கிலோ போதும். குறையும் 60 கிலோ விசை 100 கிலோமீட்டர் சமதளச் சாலையில் ஏறக்குறைய 59 மெகாஜூல் வேலை. இன்ஜின் திறனை 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 4 லிட்டர் டீசல். நாமக்கல், சங்ககிரியில் லாரி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் இந்த எண்ணைக் கேட்டு வாங்க உரிமை உள்ளவர்.

உருளும் எதிர்ப்பை அளப்பது சுலபமல்ல. ஐஎஸ்ஓ 28580 முறையில் டயரை ஒரு பெரிய இரும்பு டிரம் மீது அழுத்தி ஓட்டுகிறார்கள். கார் டயர் என்றால் அதன் உச்ச சுமையில் 80 சதவீதம், வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், சாதாரண சுமை டயருக்குக் காற்றழுத்தம் 210 கிலோபாஸ்கல், நம் காற்றுக் கடைக் கணக்கில் 30 பிஎஸ்ஐ. அளக்கும் முன் 30 நிமிடம் ஓடிச் சூடாக வேண்டும்; பெரிய லாரி டயருக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இதில் அவசரப்பட்டால் ரப்பர் இன்னும் குளிர்ந்தே இருக்கும், எண் கூடிக் காட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து சுமையின் கோணம். 400 கிலோ சுமையில் ஓடும் கார் டயரின் உருளும் எதிர்ப்பு சுமார் 35 நியூட்டன்தான். சுமை டிரம்முக்குச் செங்குத்தாக இல்லாமல் 0.1 டிகிரி சாய்ந்தால் போதும், கிட்டத்தட்ட 7 நியூட்டன் தவறாகச் சேரும் அல்லது கழியும். ஐந்தில் ஒரு பங்கு பிழை! பேரிங் உராய்வைத் தனியாக அளந்து கழிப்பதும் இதே மாதிரி நுட்பமான வேலை.

ஆனாலும் இந்தச் சோதனையை நம்பலாம். காரணம், கூடங்களுக்கு இடையே ஒத்திசைவு உண்டு. மதிப்பு தெரிந்த ஒப்பீட்டு டயர்களை ஒவ்வொரு கூடமும் தன் இயந்திரத்தில் ஓட்டி, அளவுகோலாக வைத்த மேற்கோள் கூடத்தின் எண்ணோடு ஒப்பிட்டு, வரும் வித்தியாசத்தைத் திருத்திக்கொள்கிறது. ஈரச்சாலைப் பிடிமானச் சோதனையும் அப்படியே. அங்கே தரநிலைப்படுத்தப்பட்ட ஒப்பீட்டு டயர் ஒன்றை அதே தண்ணீரில், அதே தளத்தில், அதே நாளில் ஓட்டி, அதைவிட எவ்வளவு மேல் என்று விகிதமாகச் சொல்கிறார்கள். தளம் சற்று வழுக்கினாலும் இரண்டு டயருக்கும் ஒன்றுபோல வழுக்கும்.

மூன்றில் இரைச்சல் சோதனைக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. என் கடிதத்தின் முக்கியக் குறை இதுதான்.

இரைச்சலை அளக்க, நான்கு டயரும் மாட்டிய வண்டியை வேகமெடுக்க வைத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் ஓடவிடுகிறார்கள். பாதையின் நடுக்கோட்டிலிருந்து இரு புறமும் 7.5 மீட்டரில், தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் மைக். கார் டயருக்கு 70 முதல் 90 கிலோமீட்டர் வரை பல வேகங்களில் ஓட்டி, 80-க்கான மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். தளம் ஐஎஸ்ஓ 10844-இன்படி போட்ட தார்த்தளம். அதன் ஜல்லியின் உச்ச அளவு பெயரளவில் 8 மில்லிமீட்டர். மேற்பரப்புச் சொரசொரப்பின் ஆழம் 0.5 மில்லிமீட்டர், அதில் 0.2 கூடலாம், குறையலாம். இந்த 0.2-இல்தான் எல்லாம் இருக்கிறது. 0.3 உள்ள தளமும் 0.7 உள்ள தளமும் விதிப்படி சரியானவையே. ஆனால் ஒரே டயர் இரண்டிலும் ஒரே இரைச்சலைத் தருவதில்லை. வெயில், மழை, டயர் ஓட்டம் ஆகியவற்றால் ஒரே தளமும் சில ஆண்டுகளில் மாறிவிடும்.

இதோடு கணக்கிடும் விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். கருவிப் பிழைக்காக முடிவில் 1 டெசிபல் கழிக்கிறார்கள். பிறகு மீதியைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்குகிறார்கள். 71.9 அளந்தால் 70.9 ஆகி, 70 என்று பதிவாகும். 71.0 அளந்த டயருக்கும் அதே 70. 185 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள கார் டயருக்கு வரம்பு 70, அதற்கு மேல் 245 வரை 71 என்றிருக்கும்போது, ஏறத்தாழ ஒரு முழு டெசிபல் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஐரோப்பாவில் டயருக்கு ஒட்டும் தரக் குறியீட்டில் இரைச்சலின் மிகச் சிறந்த ஏ வகுப்புக்கும் வரம்புக்கும் இடையே உள்ள மொத்தத் தூரமே 3 டெசிபல். 3 டெசிபல் குறைவது சாலையில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையைப் பாதியாக்குவதற்குச் சமம்.

வெப்பநிலையும் இருக்கிறது. தளம் 5 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மே மாத நண்பகலில் சென்னையைச் சுற்றியுள்ள தார்த்தளம் அதைத் தாண்டிவிடும், எனவே வெயில் குறைந்த நேரத்தில்தான் அளக்க முடியும். கார் டயருக்கு 20 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.03 டெசிபல் கூட்டித் திருத்துகிறார்கள்; லாரி டயருக்குத் திருத்தமே கிடையாது. ரப்பர் கலவை எதுவானாலும் ஒரே திருத்தம் என்பது குளிர்நாட்டுக்குப் பொருந்தலாம். 45 டிகிரித் தளத்தில் அளக்கும் நமக்கு அது போதாது.

தீர்வு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஈரச்சாலைச் சோதனையில் ஏற்கெனவே புழங்கும் 225/60 ஆர்16 ஒப்பீட்டு டயரை இரைச்சல் சோதனைக்கும் கொண்டுவரலாம். ஒவ்வொரு சோதனை நாளிலும் முதலில் அதை ஓட்ட வேண்டும். அதன் ஒப்புக்கொண்ட மதிப்பிலிருந்து அன்றைய தளம் எவ்வளவு விலகுகிறதோ, அதைச் சோதனை டயரின் முடிவில் திருத்த வேண்டும். ஒரே ஒப்பீட்டு டயர் போதாது. லாரியின் பின்சக்கரத்துக்கான கட்டைக்கட்டையான ட்ரெட் (சாலையைத் தொடும் மேல்பட்டை), சொரசொரப்புக்கு வேறு விதமாக நடந்துகொள்ளும். அதற்கு இரண்டாவது டயர் வேண்டும். ஒப்பீட்டு டயரும் பழசானால் இறுகும். சாலை இரைச்சலை டிரெய்லர் கொண்டு அளப்பவர்கள் இதற்கு ஒரு திருத்தம் வைத்திருக்கிறார்கள்: ஷோர் ஏ என்ற ரப்பர் கடின அளவுகோலில் 66-ஐ அடிப்படையாக வைத்து, ஓர் அலகு கூடினால் 0.2 டெசிபல். அதையே எடுத்துக்கொள்ளலாம். டயரை வெயில் படாத, குளிர்ந்த, இருட்டறையில் வைக்க வேண்டும். நம் ஊர் ஷெட்டில் போட்டுவைத்தால் சீக்கிரமே பயனற்றுப்போகும்.

இரண்டாவது தளம் ஒன்றும் தேவை. நம் நெடுஞ்சாலைகளில் மேலடுக்குத் தாரில் 13 அல்லது 19 மில்லிமீட்டர் ஜல்லி. கான்கிரீட் சாலையில் குறுக்கு வரிகள். 8 மில்லிமீட்டர் ஜல்லித் தளத்தில் அமைதியான டயர், இங்கேயும் அதே வரிசையில் முதலாவதாக வரும் என்று சொல்ல முடியாது. சொரசொரப்பான தளத்தின் மதிப்பைச் சான்றிதழுக்கு வேண்டாம், தகவலாக மட்டும் வெளியிட்டாலே போதும்.

குறியீட்டைப் பொறுத்தவரை, மூன்று எண்களும் ஒரே ஒட்டுத்தாளில், சேர்ந்தே வர வேண்டும். உருளும் எதிர்ப்பை மட்டும் நட்சத்திரமாக்கினால், மலிவான கலவையில் அதைக் குறைத்து மழைப் பிடிமானத்தைப் பலிகொடுக்கும் ஆசை வரும். சிலிக்கா சேர்த்தால் இரண்டையும் காப்பாற்றலாம், ஆனால் செலவு கூடும். அந்தச் செலவைச் செய்தவருக்குக் குறியீடு பலன் தர வேண்டும். ஐரோப்பாவில் 2021 மே 1 முதல் குறியீட்டில் க்யூஆர் கோடு உண்டு, அது பொதுத் தரவுத்தளத்துக்குப் போகிறது. இங்கும் அப்படி வைத்து, வகுப்போடு தசம எண்ணையும், 1 டெசிபல் கழிக்காத அளவையும், சோதித்த டயரின் சரியான அளவையும் காட்டலாம். கடைசியாகச் சொன்னது முக்கியம்: ஒரு வகைக்குள் பல அளவுகள் வரும், எல்லா அளவும் சோதிக்கப்படுவதில்லை.

இருசக்கர வாகன டயர்கள், விதி சொல்லும் கார், இலகுரக வணிக வாகனம், லாரி-பஸ் ஆகிய மூன்று டயர் வகுப்புகளுக்கும் வெளியே நிற்கின்றன. நம் தெருக்களில் அதிகம் ஓடுபவை அவைதான். அவற்றுக்குத் தனி முறை எழுதத் தொடங்க வேண்டும். லாரிக்காரர்கள் ரீட்ரெட் செய்து ஓட்டும் டயர்களுக்கும் அதே தேவை உண்டு.

அரக்கோணம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய் கண்டிகை, மதுரை என்று டயர் ஆலைகள் நிறைந்த மாநிலம் நம்முடையது. ஒரகடத்தில் அரசு வாகன ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. ஒரே ஒப்பீட்டு டயரை ஒரகடம், மத்தியப் பிரதேசத்தின் பீத்தாம்பூர், புனே ஆகிய இடங்களில் உள்ள தளங்களில் ஓட்டி, கிடைக்கும் எண்களை அமைச்சகம் வெளியிடட்டும். அடுத்து, கம்பெனி அனுப்பும் மாதிரிகளை விட்டுவிட்டு, கடையில் காசு கொடுத்து வாங்கிய டயர்களைத் தயாரிப்பு வாரக் குறியோடு பதிவு செய்து ஆண்டுதோறும் சோதிக்கட்டும்.

இப்படிக்கு,
டயர் சோதனைப் பொறியாளர் ஒருவர்,
ஸ்ரீபெரும்புதூர்.