நன்றாக எறிகிறவரை ஏன் எடுக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 உலகத் தொடரின் (பேஸ்போல் கிண்ணத்துக்கான கடைசித் தொடர்) ஏழாவது ஆட்டத்தில் எங்கள் ரொறன்ரோ அணி புளூ ஜேய்ஸ் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் தோற்றது பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. நவம்பர் 1 இரவு ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலும் ஒருவருக்கும் நித்திரை இல்லை. கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற இரவு அது. கூடுதலாகக் கிடைத்த அந்த மணித்தியாலமும் யோசித்தே போய்விட்டது. ஆனாலும் அவர் எழுதியதுபோல் எங்கள் பிட்சர் (பந்து எறிகிறவர்) ஜெஃப் ஹொஃப்மன் ஒருவர்தான் கிண்ணத்தைத் தொலைத்தார் என்பதையும், எங்கள் நட்சத்திர அடிகாரர் கெரேரோவுக்குக் கொடுத்த காசு வீண் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பிட்சர்களை ஓயாமல் மாற்றுவதால் ஆட்டம் சலிக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். அதில் மட்டும் நான் முழுதாக அவர் பக்கம்.

கெரேரோவின் கதை சுருக்கமானது. 14 வருடத்துக்கு 500 மில்லியன் டொலர் என்று கையெழுத்திட்டவர், லீக் ஆட்டங்களில் 23 ஹோம் ரன்தான் (வேலிக்கு வெளியே போகிற அடி, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அப்போது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஒக்டோபரில் கிண்ணத்துக்கான ஆட்டங்களில் அவர் 8 ஹோம் ரன் அடித்து, உலகத் தொடருக்கு முந்திய சியாட்டிலுடனான தொடரின் சிறந்த வீரராகவும் வந்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

ஹொஃப்மன் விடயத்துக்கு வருகிறேன். இன்னும் இரண்டு பேரை அவுட்டாக்கினால் போதும் என்ற இடத்தில் டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் அவரிடம் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமமாக்கியது உண்மைதான். ஆனால் அதே ஒன்பதாவது இன்னிங்ஸில் (ஒரு ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் அடிக்க ஒன்பது இன்னிங்ஸ்) எங்கள் முறை வந்தபோது மூன்று பேஸிலும் (ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொட்டு வரவேண்டிய இடங்கள்) ஆள் நின்றது, ஒரே ஒரு அவுட். எங்கள் வார்ஷோ அடித்த பந்தை அதே ரோஹாஸ் தடுமாறியபடி எடுத்து, ஓட்டம் முடிகிற ஹோமுக்கு எறிந்தார். மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவந்த எங்கள் கைனர்-ஃபலேஃபா ஒரு கண்ணிமைப்பு பிந்தினார். சமமாகி நீண்ட ஆட்டத்தின் பதினோராவதில் டொட்ஜர்ஸின் வில் ஸ்மித்திடம் ஹோம் ரன் வாங்கியவர் எங்கள் இன்னொரு பிட்சர் பீபர். இத்தனை பேர் கையால் நழுவிய ஆட்டத்தை ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இனி, நான் எழுத வந்த விடயம்.

2023 ஒக்டோபர் 4, மினசோட்டாவில் ஜேய்ஸின் ஆட்டம். தோற்றால் வீட்டுக்கு. எங்கள் பிட்சர் ஹோசே பெரியோஸ் மூன்று இன்னிங்ஸ் எறிந்து ஐந்து பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்) ஆக்கியிருந்தார், ஓட்டம் ஒன்றும் கொடுக்கவில்லை. நாலாவதில் முதல் ஆளுக்கு ஒரு வோக் (நாலு பந்து தவறாக எறிந்ததால் முதல் பேஸுக்குச் சும்மா போவது) கொடுத்தார். எங்கள் மனேஜர் ஜோன் ஷ்னைடர் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். பெரியோஸ் 47 பந்துதான் எறிந்திருந்தார். அடுத்து வரும் இடக்கைக்காரர்களுக்கு இடக்கை பிட்சர் வேண்டும் என்பது முதலே போட்ட திட்டம். இடக்கை பிட்சர் கிக்குச்சி வந்தார், இரண்டு ஓட்டம் போனது, 2-0 என்று தோற்றோம்.

யாழ்ப்பாணத்தில் கிளப் கிரிக்கெட் விளையாடிய என் அப்பா பக்கத்தில் இருந்து கேட்டார்: "நல்லா எறியிறவனை ஏன் பிள்ளை எடுக்கிறாங்கள்? பிறகு திருப்பிக் கூப்பிடலாம்தானே?" கூப்பிட முடியாது. கிரிக்கெட்டில் பந்தை வாங்கினாலும் ஆள் எல்லைக்கோட்டில் நிற்பார், பத்து ஓவர் கழித்துத் திரும்ப வரலாம். பேஸ்போலில் வெளியே போனவருக்கு அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இதை விளங்கிக்கொண்ட பிறகு அப்பா என்னைவிடக் கோபப்பட்டார்.

மனேஜர்கள் இப்படிச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. அடிக்க வருகிறவர் அதே பிட்சரை மூன்றாவது தரம் சந்திக்கும்போது முதல் தரத்தைவிட நன்றாக அடிக்கிறார் என்று கணக்கு சொல்கிறது. கணக்கு பொய்யில்லை. இரண்டு தரம் பார்த்தவருக்கு வேகமும் வளைவும் பிடிபட்டுவிடும். ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆட்டங்களைச் சேர்த்து எடுத்த சராசரி. இன்றைக்கு இந்தக் கை எப்படி இருக்கிறது என்பது அதில் இல்லை. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ரம்பா பே அணியின் பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்தில் ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியிருந்தார், கொடுத்தது இரண்டே ஹிட் (அடித்து பேஸை அடைவது). டொட்ஜர்ஸின் முதல் மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு தரம் வந்து ஆறு தரமும் ஸ்ட்ரைக் அவுட். மூன்றாவது சுற்றுக்கு அவர்களில் முதல் ஆளான மூக்கி பெட்ஸ் வரும்போது ரம்பா பே மனேஜர் கெவின் காஷ் ஸ்னெல்லை எடுத்துவிட்டார். பெட்ஸ் புதிய பிட்சரிடம் டபிள் (இரண்டாவது பேஸ்வரை போகிற அடி) அடித்தார். கிண்ணம் டொட்ஜர்ஸுக்குப் போனது.

அந்த மூன்றாவது சந்திப்பைப் பார்க்கத்தான் நான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறேன். முதல் தரம் ஏமாந்தவர் இரண்டாம் தரம் ஊகிக்கிறார். மூன்றாம் தரம் அந்த ஊகத்தைப் பிட்சரும் அறிந்திருக்கிறார். அப்போது என்ன எறிவார்? அதற்குப் பதில் தெரியுமுன் ஆளை மாற்றினால் கதையின் நடுப்பக்கத்தைக் கிழித்த மாதிரி இருக்கிறது.

எங்கள் பிட்சர் டிரே யெசவேஜையே பாருங்கள். அப்போது 22 வயது. 2025 வசந்தத்தில் மைனர் லீக்கின் (வளரும் வீரர்கள் ஆடும் லீக்) அடித்தட்டில் தொடங்கியவர், அந்த வருட உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் எறிந்து 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், ஒரு வோக்கும் இல்லை. அவருடைய ஸ்பிளிட்டர் என்கிற பந்து நேரே நெஞ்சுக்கு வருகிற மாதிரி வரும். துடுப்பு பாதி வழி வந்த பிறகு, காலடியில் கதவு திறந்த மாதிரிப் பந்து கீழே விழும். அப்பா கதிரை நுனிக்கு வந்து, "விரலை அகட்டிப் பிடிக்கிறான், பார்" என்றார். பேஸ்போலைத் தானாக அவர் பாராட்டிய முதல் நாள் அது. ஷ்னைடர் அன்று அவரை 104 பந்து எறிய விட்டார். 47இலிருந்து 104க்கு வந்திருக்கிறார், அதற்காக அவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

அப்புறம் டொட்ஜர்ஸின் பிட்சர் யமமோட்டோ. எங்களைத் தோற்கடித்தவரைப் புகழக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அமெரிக்காவில் ஒரு பந்துகூட எறியுமுன் அவருக்கு 12 வருடத்துக்கு 325 மில்லியன் டொலர் கொடுத்தபோது பைத்தியக்காரத்தனம் என்று பலர் சொன்னார்கள். அதே 2025 தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் ரொறன்ரோவில் வைத்து ஒன்பது இன்னிங்ஸும் தானே எறிந்தார், கடைசியாக வந்த 20 பேரையும் வரிசையாக அவுட்டாக்கி அனுப்பினார். ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து. மறுநாள் ஏழாவதில், ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேஸில் ஆள் நிற்கும்போது திரும்ப வந்து, ஆட்டம் முடியும்வரை 34 பந்து எறிந்தார். அவருக்கு இடம் விட்டு இறங்கிப் போனவர், டொட்ஜர்ஸுக்கு மாறியிருந்த அதே பிளேக் ஸ்னெல். இந்த மூன்று வெற்றியையும் எந்தச் சராசரியில் எழுதி விலை போடுவது?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் பக்கத்தில் ஜேய்ஸ் ஆட்டத்தின் ஓட்டக் கணக்கை மட்டும் போடுகிறீர்கள். தொடங்கிய பிட்சர் எத்தனை பந்து எறிந்தார், எந்த இன்னிங்ஸில் எடுத்தார்கள், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று இரண்டு வரி சேருங்கள். அப்பா இங்கிலிஷ் பேப்பர் வாசிப்பதில்லை. ஏப்ரலிலிருந்து அந்த இரண்டு வரியைத்தான் முதலில் தேடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபரோ